மொய்தீன் ஐயாவின் தாடி

1. முகம் கேட்டு வந்தவர்

அவர் எங்கள் அலுவலகப் படியேறி வந்தபோது நான் குழந்தைக் காப்பகத்தோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். மகளுக்கு லேசாகக் காய்ச்சல், ஆனால் விளையாடுகிறாள் என்றார்கள். போவதா வேண்டாமா என்று நான் குழம்பிக்கொண்டிருக்கையில், வழுவழுவென்று சவரம் செய்த முகத்தோடு ஒரு முதியவர் மூச்சிரைக்க என் மேசை முன் நின்றார்.

"பழைய பட ரீலெல்லாம் இங்கதான் இருக்காமே, புள்ள. அதுல என் மூஞ்சி ஒண்ணு இருக்கணும். எடுத்துத் தர முடியுமா?"

எங்கள் அலுவலகம் பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருக்கிறது. பழைய ரீல்களை ஸ்கேன் செய்து, கீறல் நீக்கி, சப்டைட்டில் போட்டுக் கொடுப்பது எங்கள் தொழில். என் பங்கு சப்டைட்டிலும் கேட்டலாக்கும். எந்தக் காட்சியில் யார் வருகிறார் என்று நிமிடம், நொடி காட்டும் டைம்கோடோடு எழுத வேண்டும். டைட்டிலில் பெயர் வராத துணை நடிகர்களை வேடத்தை வைத்துப் பதிவதுதான் வழக்கம்: மீனவர், காவலாளி, கிழவர்.

வந்தவர் பெயர் மொய்தீன். அந்தக் காலத்தில் சிங்கப்பூரில் எடுத்த மலாய்ப் படங்களில் குணச்சித்திர நடிகர். 'கிழவர்' என்று பதிந்திருந்த காட்சிகளைத் திறந்து காட்டினேன். இது நான், இதுவும் நான், அந்த ஹாஜியாரும் நான்தான் என்று விரலால் காட்டிக்கொண்டே போனார். எல்லாமே நரைத்த தாடி. மெலிந்த உடம்பும் கரகரத்த குரலும் இருந்ததால் இருபது வயதிலேயே அவரைக் கிழவராக்கிவிட்டார்கள். ஒரு படத்தில் மகனாக வந்த கதாநாயகன் அவரைவிட மூத்தவராம்.

"எங்க டைரக்டர் சொல்வாரு, ஹீரோவா ஆகப் பாக்குறவன் ஆயிரம் பேரு, நீ கிழவனாவே இரு, சாகுற வரைக்கும் வேலை இருக்கும்னு. கடைசியில ஸ்டூடியோ எனக்கு முன்னாடி செத்துப் போச்சு."

ஸ்டூடியோ மூடிய பிறகு ஊர் திரும்பி, புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் காவலாளியாக இருந்து ஓய்வு பெற்றிருக்கிறார். ஸ்டூடியோ மூடிய நாள் முதல் தினமும் சவரம். ஏன் தாடி வைப்பதில்லை என்று பள்ளிவாசலில் கேட்டால், ஆயுசுக்கும் வச்சாச்சு என்பாராம்.

அவர் தேடி வந்தது, தாடியில்லாமல் நடித்த ஒரே காட்சி. ஃபெரியில் டிக்கெட் கிழிக்கும் இளைஞனாக வந்து இரண்டு வரி பேசுவார். எதற்கு என்று கேட்டேன். அவர் மனைவி ஜைனம்பு அம்மாவுக்கு நினைவு தப்பிக்கொண்டிருந்தது. சிங்கப்பூரில் புதுக்குடித்தனம் நடத்திய நாட்களிலேயே அவர் நினைவு நின்றுவிட்டது. வீட்டிலிருக்கும் இந்த முதியவர் அவருக்கு யாரோ அந்நியர். வீட்டுக்காரர் ஷூட்டிங்கிலிருந்து வரும் நேரம், நீங்கள் போய்விடுங்கள் என்பாராம். அந்நிய ஆண் ஊட்டினால் வாயைத் திறப்பதில்லை. பகலில் வந்து பார்த்துக்கொள்ளும் பெண் ஊட்டினால் சாப்பிடுவார், அவள் போன பிறகு பட்டினிதான்.

"அந்த வயசு மூஞ்சியக் காட்டுனா, அதுதான் நான்னு வெளங்கிரும்ல?"

2. அனுமதிக்காகக் காத்திருந்தது

காட்சி கிடைத்துவிட்டது. மூன்றாவது ரீலில், ஓரங்கள் சற்றே மங்கலாக. என் பாஸ் சரவணன் அண்ணனிடம் கேட்டேன். அவர் கல்மனசுக்காரர் இல்லை, ஆனால் தொழில் தெரிந்தவர்.

"ஏம்மா, இது நம்ம பொருள் இல்ல லா. கிளையண்ட்டுக்கு ஈமெயில் போடு. பதில் வரட்டும். அதுக்கு முன்னாடி ஒரு ஃபிரேம்கூட வெளிய போகக் கூடாது."

ஈமெயில் போட்டேன். பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். அதிகம் தொந்தரவு செய்கிறோமோ என்று அடுத்ததை அனுப்பத் தயங்கினேன். இதற்கிடையில் மொய்தீன் ஐயா போன் செய்வார். காட்சியைப் பற்றி நேரடியாகக் கேட்கமாட்டார். என் மகளுக்குக் காய்ச்சல் விட்டதா என்று விசாரித்துவிட்டு, ஜைனம்பு இளைத்துக்கொண்டே போகிறாள் என்பார். மாலையில் மகளை அழைக்கப் போகும்போது, அவள் காப்பக அக்காவின் தோளை விடாமல் என்னைப் பார்ப்பாள். அப்போதெல்லாம் எனக்கு அந்தப் போன்தான் ஞாபகம் வரும்.

முறைப்படி கேட்டது சரி. இப்போதும் அப்படித்தான் செய்வேன். ஆனாலும் அனுமதி வந்த அன்று எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இவ்வளவு நாள் ஆகியிருக்க வேண்டியதில்லை என்றுதான் தோன்றியது.

3. ஜைனம்பு அம்மா பார்த்தது

ஃபைலை டேப்லெட்டில் ஏற்றிக்கொண்டு நானே அவர்கள் பிளாட்டுக்குப் போனேன். ஒரு காட்சி மட்டும் போதுமா என்ற சந்தேகத்தில் அவருடைய வேறு சில காட்சிகளுக்கும் சேர்த்தே அனுமதி கேட்டிருந்தேன்.

ஜைனம்பு அம்மா சுவரோரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மொய்தீன் ஐயா வெள்ளைச் சட்டை போட்டு, காலையில் செய்த சவரம் போதாதென்று மறுபடியும் செய்துகொண்டு வந்து நின்றார். டிக்கெட் காட்சி ஓடியது. திரையில் இளைஞன் சிரித்தான். அந்த அம்மா கவனமாகப் பார்த்தார்.

"யாரு இந்தப் பையன்? நல்லா இருக்கான்."

அவ்வளவுதான். மொய்தீன் ஐயா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டேப்லெட்டை அணைக்க எனக்குக் கை வரவில்லை. அடுத்த காட்சி தானாக ஓடத் தொடங்கியது. நரைத்த தாடியோடு ஒரு பிச்சைக்காரக் கிழவர் பள்ளிவாசல் படியில் இருமிக்கொண்டிருந்தார்.

ஜைனம்பு அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மச்சான்." திரையைத் தொட்டார். "காதோரம் பசை விட்டிருச்சு, பாருங்க. ஒட்டுறவன்கிட்டச் சொல்ல மாட்டாரு. வீட்டுக்கு வந்து என்கிட்டத்தான் அரிக்குது அரிக்குதுன்னு சொல்வாரு."

மொய்தீன் ஐயா சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. தினமும் காலையில் ஸ்பிரிட் கம் என்ற பசையால் கொஞ்சம் கொஞ்சமாக மயிர் ஒட்டித் தாடி கட்டுவார்கள். ஸ்டூடியோவில் அதை ஸ்பிரிட் தேய்த்து எடுத்தால் தோல் எரியும். அதனால் தாடியோடேயே லாரியில் வீட்டுக்கு வந்துவிடுவார். மனைவி வெதுவெதுப்பான தேங்காயெண்ணெய் தடவி, நுனி விரலால் மெல்லப் பிரித்தெடுப்பார். இத்தனை நாளும் ஜைனம்பு அம்மா வாசலைப் பார்த்துக் காத்திருந்தது தாடியோடு வரும் ஆளுக்காக.

மொய்தீன் ஐயா தன் வழுவழுப்பான கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

"அவளுக்கு மறக்க ஆரம்பிச்ச பொறவு, அடையாளம் தெரியணும்னுதான் புள்ள ஒருநாள்கூட விடாம வழிச்சேன்."

4. எண்ணெய்

தாடி வளர நாளாயிற்று. வளர்ந்த பிறகு ஒருநாள் மாலை மகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். மொய்தீன் ஐயா இப்போது எங்கள் கேட்டலாக்கில் இருக்கும் கிழவரேதான். ஜைனம்பு அம்மா அவர் கையால் கஞ்சி குடித்து முடித்திருந்தார். சாப்பாட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

ஆனால் அடுத்து நடந்ததற்கு நான் தயாராக இல்லை. அவரைக் கட்டிலோரம் தரையில் உட்காரச் சொல்லி, கிண்ணத்து எண்ணெயைத் தொட்டு, காதோரத்திலிருந்து தடவ ஆரம்பித்தார் அந்த அம்மா. தாடியின் ஓரத்தைத் தேடித் தேடி நகத்தால் நெருடினார். தினமும் இப்படித்தானாம். அடியில் இருக்கும் முகத்தைப் பார்க்காமல் படுக்கப் போக அந்த அம்மாவுக்கு மனசு வருவதில்லை.

நான் அந்த இன்னொரு காட்சியைக் கொண்டுபோயிருக்கக் கூடாதோ என்று இன்றும் யோசிக்கிறேன். சாப்பிடுகிறார், அதனால் சரிதான் என்று ஒரு நாள் தோன்றும். ஒருவரைத் தினமும் ஏமாற வைத்துவிட்டோம் என்று மறுநாள் தோன்றும்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். கேட்டலாக்கில் 'கிழவர்' என்று எழுதி நகர்ந்துவிடாதீர்கள். யாரிடமாவது கேட்டுப் பெயரைக் கண்டுபிடியுங்கள். மொய்தீன் ஐயாவின் தாடிக் காட்சிகள் எல்லாவற்றிலும் நான் மாற்றிவிட்டேன்: 'மொய்தீன், இளைஞர், ஒட்டுத் தாடியுடன்.' அதைத் தவிர வேறு எதையும் என்னால் சரிசெய்ய முடியவில்லை.

அன்று நான் கிளம்பும்போதும் எண்ணெய் தடவல் முடிந்திருக்கவில்லை.

"இன்னிக்கு என்ன மச்சான், பசை இம்புட்டு கெட்டியா இருக்கு?"

"நாளைக்கு வந்துரும், ஜைனம்பு. நீ படு."