கத்திவிட்டு வழுக்குகிற டயர்

டயர் வியாபாரத்தில் கடைக்குள் சிரித்த முகத்தோடு நுழைகிறவர் யாரும் இல்லை. நகைக்கடைக்கு ஆசையோடு போகிற அதே மனிதர், என் கடைக்கு வரும்போது மட்டும் பல் பிடுங்கிக்கொள்ள வந்தவர் மாதிரி வருவார். கல்லாவுக்குப் பின்னால் நின்றே ஆயுளைக் கழிக்கிற அன்பர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. மிச்சப் படிப்பெல்லாம் துண்டு நோட்டீஸ்தான். படித்தது பாதி, எழுதியது பாதி. ஒரு தனியார் பஸ் ஷெட்டில் பதினான்கு வருடம் டயர் கழற்றி மாட்டினேன். அங்கேயே சங்கம் கட்டினேன். ஒரு வேலைநிறுத்தத்தில் எல்லோருக்கும் வேலை போயிற்று. எல்லோருக்கும் திரும்பக் கிடைத்தது, என் ஒருவனைத் தவிர. அதற்குப் பிறகுதான் கள்ளக்குறிச்சி சேலம் ரோட்டில் இந்தக் கடை. இருபத்திரண்டு வருடம் ஆகிறது. கோபம் ஆறவில்லை. ஆற விட்டதும் இல்லை.

பல் டாக்டர் கொடுத்த நோட்டீஸ்

எங்கள் ஊர்ப் பல் டாக்டர் ஒருவருக்கு ஒரு பழக்கம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தன் சின்னக் காரைச் சென்னைப் பக்கம் உள்ள ரேஸ் டிராக்குக்கு ஓட்டிக்கொண்டு போவார். அங்கே சும்மா சுற்றிச் சுற்றி வருவார். பரிசு கிடையாது, கைதட்ட ஆள் கிடையாது. திரும்பி வந்து மறுநாள் பல் பிடுங்குவார். அதற்குத் தோதான டயர் வேண்டும் என்று கடைக்கு வந்தார். நான் இருப்பதிலேயே ஆழமான பட்டன் வைத்த டயரை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினேன். பட்டன், அதாவது டயர் மேல் எழும்பி நிற்கிற ரப்பர் கட்டை, உயரமாக இருந்தால் பிடிமானம் ஜாஸ்தி என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் சிரித்துவிட்டு, டயர் கம்பெனி அச்சடித்த நோட்டீஸ் ஒன்றைக் கையில் கொடுத்தார்.

நோட்டீஸ் என்றால் எனக்குப் பசி மறந்துவிடும். மூன்று தடவை படித்து, பென்சிலால் அடிக்கோடு போட்டேன். காய்ந்த டிராக்கில் உயரமான பட்டன் வளைந்து ஆடும், சூடேறிப் பிய்ந்துபோகும். அங்கே பட்டன் தாழ்வாகவும், பக்கச் சுவர் விறைப்பாகவும், ரப்பர் இளக்கமாகவும் இருக்க வேண்டும். ஆனால் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் ஒரு விஷயம் இருந்தது. இளக்கமான டயர் வெல்லப்பாகு மாதிரி தரையில் ஒட்டும். எல்லை தாண்டினால் சத்தமில்லாமல் ஒரேயடியாகக் கைவிட்டுவிடும். சாதாரண ரோட்டு டயருக்குப் பிடி கொஞ்சம் கம்மி. ஆனால் வழுக்குவதற்கு முன்னால் கத்தும். கத்தினால் ஓட்டுகிறவன் சுதாரித்துக்கொள்ளலாம். ஆகவே புதிதாகப் பழகுகிறவனுக்குக் கத்துகிற டயர்தான் நல்லது. முதலாளிமார்கள் உண்மையை எப்போதும் பொடி எழுத்தில்தான் போடுவார்கள் என்பதில் தொடங்கி, டாக்டருக்கு அரை மணி நேரம் விளக்கினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தோழரே, நீங்க டயர் விக்கிறீங்களா, மாநாடு நடத்தறீங்களா?"

நடுவில் ஒரு போஸ்ட்மேன்

போன தையில் ஒரு பழைய வெள்ளைக் கார் கடை வாசலில் வந்து நின்றது. இறங்கிய பெண்ணை அடையாளம் தெரியவில்லை. ஓட்டி வந்தவரைத் தெரிந்தது. கோவிந்தன். வெள்ளிமலை மலைரோட்டில் முப்பது வருடம் பஸ் ஓட்டியவன். என் சங்கத்தின் பொருளாளர். வேலைநிறுத்தத்தின் பன்னிரண்டாம் நாள், எங்கள் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் முதலாளியிடம் போய்க் கையெழுத்துப் போட்டு பஸ்சை எடுத்தவன். அன்றோடு போராட்டம் உடைந்தது. அவனைத் துரோகி என்று நான் பேசாத மேடை இந்த வட்டாரத்தில் இல்லை.

அந்தப் பெண் அவன் மகள் மலர். சென்னையில் கார் கம்பெனி ஒன்றில் வேலை. அப்பா ஓய்வு பெற்றதும், "உனக்கு இன்னாப்பா வேணும்?" என்று கேட்டிருக்கிறாள். "எதிர்ல வண்டி வராத ரோட்டுல ஒரு தரம் ஓட்டிப் பாக்கணும்" என்றானாம். அவள் டாக்டர் போகிற அதே டிராக்கில் அவனுக்கு ஒரு நாள் பதிவு செய்துவிட்டாள். இன்னும் மூன்று வாரம் இருந்தது. டயர் நான்கும் மொட்டை.

"எந்த ரோட்டுல அதிகமா ஓடின வண்டின்னு உங்கப்பாவைக் கேளும்மா" என்றேன். "மலரு, மலைரோட்டுலன்னு சொல்லு" என்றான் அவன், பஞ்சர் ஒட்டும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு. "காத்து எவ்வளவு வெக்கிறார்னு கேளு." "கம்மியாத்தான் வெப்பேன்னு சொல்லு." இப்படியே கால் மணி நேரம் போயிற்று. அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். சின்ன வயதில் என் தோளில் உட்கார்ந்து மே தின ஊர்வலம் வந்த குழந்தை அவள். கடைசியில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "ஒரு முழம் தள்ளி நின்னுகினு என்னை எதுக்கு சித்தப்பா போஸ்ட்மேன் ஆக்குறீங்க?"

இரண்டு செட் டயர்

கோவிந்தன் கேட்டது, நான் டாக்டருக்கு முதலில் உருட்டி வந்த அதே ஆழமான பட்டன் டயரை. கட்டைவிரல் நகத்தால் ரப்பரை அழுத்திப் பார்த்தான். "மலையில இதான் நின்னு புடிக்கும்" என்றான் மகளிடம். மலையில் சரிதான், டிராக்கில் அது ஆடும் என்று நானும் அவளிடமே சொன்னேன். உள்ளே டாக்டருக்காக வரவழைத்த இளக்கமான ரேஸ் டயர் ஒரு செட் இருந்தது. அதை மாட்டினால் முதல் சுற்றிலேயே ராஜா மாதிரி ஓட்டுவான். எதிர்பாராத ஒரு வளைவில் அது சொல்லாமல் கைவிடும். சொல்லாமல் கைவிடுவது எப்படி இருக்கும் என்று அவனுக்கும் தெரியட்டுமே என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது என்று எழுதத்தான் வேண்டும். என் சக தொழிலாளிகளுக்கு நான் பொய் சொல்ல மாட்டேன்.

சாதாரண ரோட்டு டயரைத்தான் எடுத்தேன். ஓரத்தில் பொறித்திருக்கும் தயாரிப்பு வாரத்தைப் பார்த்து, நான்கும் புதுச் சரக்காகப் பொறுக்கினேன். பழைய இருப்பு ரப்பர் இறுகிப்போயிருக்கும். மாட்டி முடித்ததும் ஒரு தாளில் எழுதினேன்: "முதல் இரண்டு சுற்று மெதுவாக ஓட்டவும். டயர் சூடானால் காற்று ஏறும், டிராக்கை விட்டு வந்ததும் குறைக்கவும். டயர் கத்தினால் காது கொடுக்கவும்." கோவிந்தன் தாளை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அப்போதுதான் முதன்முறையாக நேராக என்னிடம் பேசினான். அவன் சொன்னது எனக்கு அன்றைக்குப் புரியவில்லை: "உன் நோட்டீசைப் படிச்சுத்தான்டா சிங்காரம் நான் கெட்டேன், பரவால்ல, இதையும் படிக்கிறேன்."

பாறை வளைவு

புது டயர் மேல் ஒரு வழவழப்பு இருக்கும். அது போக நூறு கிலோமீட்டராவது ஓட்டித் தேய்க்க வேண்டும். "டயர் போட்டவரே கூட வந்து பாக்கட்டும்" என்று மலர் என் கையைப் பிடித்து முன் இருக்கையில் உட்கார வைத்துவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டாள். கச்சிராயபாளையம் தாண்டி மலையேறினோம். ஒவ்வொரு வளைவிலும் கோவிந்தன் ஹாரனை நீளமாக அடித்தான். சாமை மூட்டை ஏற்றிய ஜீப்புகள் எதிரே ஒதுங்கி வழிவிட்டன. ஜீப் டிரைவர்கள் அவனுக்குச் சலாம் வைத்தார்கள். என்னைக் கவனித்தவர் யாரும் இல்லை.

ஒரு வளைவில் நிறுத்தினான். எனக்கும் தெரிந்த வளைவுதான். அந்த நாளில் எங்கள் முதலாளி மலை பஸ்சின் முன்சக்கரத்துக்குக்கூட ரீட்ரெட் டயர்தான் போடுவார். தேய்ந்த டயர்மேல் புதுத் தோல் ஒட்டின சரக்கு. இங்கேதான் அந்தத் தோல் உரிந்து கோவிந்தன் ஓட்டிய பஸ் தடுமாறியது. பள்ளத்துப் பக்கம் போகாமல் பாறையில் முட்டியதால் உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் பிழைத்தார்கள். "மலை பஸ்சுக்கு முன்சக்கரத்தில் புது டயர்" என்பதுதான் எங்கள் போராட்டத்தின் முதல் கோரிக்கை. போராட்டம் உடைந்தும் புது டயர் வந்தது. எங்கள் கத்தலுக்குப் பயந்துதான் முதலாளி போட்டார் என்று இருபத்திரண்டு வருடமாக மார்தட்டி வந்திருக்கிறேன்.

கோவிந்தன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே பேசினான். "பத்தாம் நாளு மொதலாளி என்னை மட்டும் கூப்டு வுட்டாரு. புது டயர் போடறேன், ஆனா சிங்காரம் ஷெட்டுக்குள்ள வரக்கூடாது. டயரா, அவனா, ஒண்ணு சொல்லுன்னாரு. ரெண்டு நாளு வூட்ல சோறு எறங்கல." "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன். "சொன்னா நீ இன்னா சொல்லுவ? டயரை வாங்குடான்னுதான் சொல்லுவ. அதை உன் வாயால கேட்டுட்டு என்னால வண்டி ஓட்ட முடியாது." நான் பாறையைப் பார்த்தேன். அதில் பஸ் உரசிய இடத்தில் இப்போது செடி முளைத்திருந்தது. அவன் சாவியைத் திருப்பிக்கொண்டே சொன்னான்: "நீதானடா கொட்டை எழுத்துல போட்டிருந்த, ஆளு முக்கியம் இல்ல, கோரிக்கைதான் முக்கியம்னு."

டிராக்கில் ஹாரன்

மலர் பதிவு செய்திருந்த ஞாயிற்றுக்கிழமை டாக்டர் காரில் நானும் போனேன். டிராக்கில் மற்றவர்கள் எல்லோரும் அவன் வயதில் பாதி. கோவிந்தன் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கிளம்பினான். முதல் வளைவில் நீளமாக ஒரு ஹாரன். இரண்டாவதில் ஒன்று. மூன்றாவதில் இரண்டு. வண்டியில் ஏதோ கோளாறு என்று நினைத்துக் கொடி பிடிப்பவர்கள் ஓடி வந்தார்கள். கார் ஓரங்கட்டப்பட்டது.

"ஏன் சார் ஹாரன் அடிக்கறீங்க?" என்று கேட்டார் பொறுப்பாளர். "அடிக்காம வளைவுல எப்படிங்க திரும்பறது? எதிர்ல வர்றவன் கதி இன்னாங்க?" என்றான் கோவிந்தன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பொறுப்பாளர் சிரிக்கவில்லை. ஜன்னலில் குனிந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னார்: "எதிர்ல யாருமே வரமாட்டாங்க சார், நீங்க பாட்டுக்குப் போங்க."

கடைசி ஓட்டம்

சாயங்காலக் கடைசி ஓட்டத்தில் ஹாரன் நின்றது. டயர் கத்தத் தொடங்கியது. ஒவ்வொரு வளைவிலும் அந்தக் கீச்சென்ற சத்தம் கேட்டதும் மலர் என் கையை இறுக்குவாள். "பயப்படாத, கத்துதுன்னா புடிச்சிருக்குன்னு அர்த்தம்" என்றேன். கத்தல் ஓங்கும்போது கோவிந்தன் கொஞ்சம் விட்டுக்கொடுத்தான். தணிந்ததும் மறுபடி மிதித்தான். என் தாளில் இருந்த மூன்று வரியையும் எழுத்துப் பிசகாமல் செய்துகொண்டிருந்தான். அவன் எப்போதும் அப்படித்தான்.

வண்டி வந்து நின்றதும் முழங்காலிட்டு ஒவ்வொரு டயராகத் தொட்டுப் பார்த்தேன். கை வைக்க முடியாத சூடு. காற்றைக் கொஞ்சம் இறக்கினேன். ரப்பர் ஓரம் ஒரே சீராகத் தேய்ந்திருந்தது, எங்கும் பிய்யவில்லை. எழுந்திருக்க முழங்கால் ஒத்துழைக்கவில்லை. கோவிந்தன் கை கொடுத்தான். பிடித்துக்கொண்டேன். எழுந்த பிறகும் அவன் விடவில்லை. அவன் கண் சிவந்திருந்தது, ஹெல்மெட் வியர்வை என்று இரண்டு பேரும் வைத்துக்கொண்டோம்.

"டயர் எப்படிடா?" என்றேன். கோவிந்தன் சொன்னான்: "உன்னை மாதிரியேதான்டா, நாள் பூரா கத்திச்சு, கடைசி வரிக்கும் கைவுடல."

இருபத்திரண்டு வருடம் மேடை மேடையாக நான் திட்டித் தீர்த்த துரோகி, என் நோட்டீசைக் கடைசி வரி வரைக்கும் படித்து அப்படியே நடந்துகாட்டிய ஒரே வாசகன் என்று தெரிந்துகொள்ள, நான் நான்கு டயர் விற்க வேண்டியிருந்தது.