பன்றி நிறுக்கும் தராசு

என் தங்கை லெயோனியைக் கட்டிய அன்செல்ம் தெல்பாரைப் பற்றி வடக்கு பிரான்ஸில் எங்கள் ரூபே நகரத்தில் ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள். கடைசிச் சண்டையில் பயந்துவிட்டான் என்று கஃபேயில் உட்கார்ந்து அளக்கிறவர்களும் உண்டு. அவர்களில் ஒருத்தனாவது வாழ்நாளில் மூக்கில் குத்து வாங்கியிருப்பானா என்றால் கிடையாது.

அன்செல்முக்குக் கம்பளி மில் சாயப்பட்டறையில் வேலை. ஆள் குள்ளம், ஆனால் கால் இரண்டும் ஓரிடத்தில் நிற்காது. பதினாறு வயதில் கஃபேயின் பின்கட்டில் கயிறு கட்டிய குத்துச்சண்டை மேடையில் ஏறியவன், போகப் போக வடக்கு வட்டாரத்துக்கே சாம்பியன் ஆனான். அடிப்பதைவிட அடிபடாமல் தப்புவதில்தான் கெட்டிக்காரன். பத்துச் சுற்று ஆடிவிட்டு முகத்தில் ஒரு கீறல் இல்லாமல் இறங்கி வந்து பியர் கேட்பான். இருந்தும் பிரான்ஸ் பட்டத்துக்கான சண்டை முப்பது வயதில்தான் வாய்த்தது. ஜெயித்தால் சாயப்பட்டறைக்கு முழுக்குப் போட்டுவிட்டுச் சொந்தமாக ஒரு கஃபே திறப்பதென்று அவனும் லெயோனியும் பேசி வைத்திருந்தார்கள். தோற்றால் அந்த வயதுக்கு மேல் யாரும் கூப்பிடப் போவதில்லை.

பட்டம் பேண்டம் எடைக்கானது. ஐம்பத்து மூன்றரை கிலோவுக்கு மேல் போனால் அந்தப் பட்டத்துக்கு ஆட முடியாது. அன்செல்ம் சும்மா இருந்தால் ஐம்பத்தேழு.

"ஒரு படி மேல உள்ள எடையில ஆடேன். எதுக்கு இந்தப் பட்டினி?" என்றாள் லெயோனி.

"மேல இருக்கறவனுங்க எல்லாம் காளை மாடும்மா. இவனை மென்னு துப்பிடுவானுங்க" என்றார் பயிற்சியாளர் கசிமீர். போலந்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்த குடும்பம் அவருடையது. பட்டினியைப் பெரிய விஷயமாக நினைக்கத் தெரியாதவர்.

எங்கள் தெருவில் யார் வீட்டிலும் ஆள் நிறுக்கும் எந்திரம் இல்லை. இறைச்சிக்கடை ஒனோரேதான் கடையின் பின்பக்கம் இருந்த பெரிய தராசைப் பயன்படுத்தக் கொடுத்தார். மில் கேண்டீனுக்குப் பன்றி நிறுத்து அனுப்புகிற தராசு. தினமும் சாயங்காலம் கடை சாத்தும் நேரத்தில் அன்செல்ம் ஜட்டியோடு அந்தப் பலகையில் ஏறி நிற்பான். கசிமீர் கம்பியில் எடைக்குண்டை நகர்த்திப் பார்ப்பார். தெருவே கூடிவிடும்.

"ஒனோரே அண்ணே, இந்தப் பன்னி கிலோ என்ன விலை?" என்று எவனாவது கேட்பான்.

"இதுல ஏதுப்பா கறி? எலும்பு சூப்புக்குத்தான் ஆகும்" என்பார் ஒனோரே. எல்லோரும் சிரிப்பார்கள். அன்செல்மும் சிரிப்பான்.

கடைசி இரண்டு வாரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. மூன்று ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு சாயப்பட்டறை நீராவியில் குந்தியிருப்பான். இறைச்சியை மென்று சாற்றை விழுங்கிச் சக்கையைத் துப்புவான். தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளிப்பதோடு சரி. பிள்ளைகள் வறுத்த உருளைக்கிழங்கோடு உட்கார்ந்தால் எழுந்து வெளியே போய்விடுவான். கடைசி ஒரு கிலோ மட்டும் இறங்குவேனா என்று அடம்பிடித்தது. கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் கம்பி ஒருவழியாக ஐம்பத்து மூன்றரையில் நின்றது. தெரு கைதட்டியது. ஒனோரே மட்டும் குளிர் அறைக்குள் போய்விட்டார்.

மறுநாள் காலை ரயிலேறி மதியம் பாரிஸில் எடை பார்த்தோம்.

"ஐம்பத்திரண்டு எழுநூறு" என்றார் அதிகாரி.

கசிமீருக்கு முகம் வெளுத்துவிட்டது. "இன்னொரு தடவை பாருங்க சார்."

மறுபடியும் அதேதான். "எண்ணூறு கிராம் கம்மிப்பா. நேத்தே நல்லா சாப்பிட்டு, தண்ணி குடிச்சுட்டுத் தூங்கியிருக்கலாமே!" என்று அவர் சிரித்தார்.

"ரயில்ல வேர்த்திருக்கும்" என்றான் அன்செல்ம். உதடு வெடித்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

சூப்பும் மாட்டிறைச்சியும் கொடுத்தோம். காய்ந்த வயிறு எதையும் ஏற்கவில்லை, அவ்வளவும் வாந்தி. அன்றிரவு மேடையில் ஐந்து சுற்று வரை அவன் கால் பழைய கால்தான். ஆறாவதில் நின்றுவிட்டது. அன்செல்ம் நின்ற இடத்தில் நின்று அடி வாங்குவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். தோல்வியை ஒப்புக்கொண்டு துண்டை வீசச் சொல்லிக் கசிமீரிடம் கத்தினேன். "வீசாதீங்க, இன்னும் ஒரே ஒரு சுற்று" என்று ஒவ்வொரு சுற்று முடிவிலும் அன்செல்ம் கசிமீரின் கையைப் பிடித்துக்கொண்டான். பதினொன்றாவதில் விழுந்தான். மண்டையைத் திறந்து ரத்தக்கட்டியை எடுத்தார்கள். உயிர் பிழைத்தது, இடது கையும் காலும் பிழைக்கவில்லை. பேச்சும் பாதி போய்விட்டது.

ஊர் திரும்பியதும் நேராக ஒனோரே கடைக்குப் போனேன். அந்த எண்ணூறு கிராம் என் தலைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. தராசுப் பலகையைத் தூக்கிப் புரட்டினேன். அடியில் தாரால் ஒட்டிய ஈயக்கட்டி.

"எத்தனை வருஷமா?" என்றேன்.

"அது கேண்டீன்காரனுக்காக வச்சது. சத்தியமா அன்செல்முக்காக வைக்கல."

"ஒரு நிமிஷம் அதைப் பேத்து எடுத்திருக்கக்கூடாதாய்யா? பாவி!"

"முதல் நாள் ஞாபகமே வரல. அப்புறம் எடுத்தா, ஒரே நாள்ல எண்ணூறு கிராம் குறையும். தெருவே நின்னு பாக்குது, ஏன்னு கேக்கமாட்டாங்களா?" மேலங்கியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். "கொஞ்சம் அதிகமா எடையைக் குறைச்சா என்ன கெட்டுடும்னு நெனச்சேன்."

சட்டையைப் பிடித்துத் தெருவில் இழுத்துப் போட வேண்டும் போலிருந்தது. மிதித்தே கொன்றிருப்பேன். என் பின்னால் ஓடிவந்த லெயோனி குறுக்கே நின்றாள்.

"வேண்டாண்ணா. தெருவுக்குத் தெரிஞ்சா அன்செல்முக்கும் தெரிஞ்சுடும்."

"தெரியட்டுமே!"

"தன்னைவிட நல்லா ஆடறவன்கிட்டத் தோத்தேன்னு நெனச்சுக்கிட்டுப் படுத்திருக்கான். இப்படி ஒரு திருட்டுக்காகக் காஞ்சு செத்தேன்னு தெரிஞ்சா, அவனுக்குன்னு என்னண்ணா மிச்சம்?"

புரட்டிய பலகையைப் பழையபடி திருப்பி வைத்தேன்.

அன்று முதல் ஞாயிறு தவறாமல் ஒனோரே நல்ல துண்டாகப் பார்த்து மாட்டிறைச்சி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார். வேண்டாம் என்றால் ஏன் என்று அன்செல்ம் கேட்பான். அதனால் லெயோனி வாங்கிக்கொள்வாள். குழைய வேகவைத்து, பொடிப்பொடியாக நறுக்கி ஊட்டுவாள்.

ஒரு ஞாயிறு நானும் அவர்களோடு சாப்பிட உட்கார்ந்திருந்தேன். அன்செல்ம் கோணிய வாயால் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிப் பேசினான்.

"கை தட்டினவன் எல்லாம் போயிட்டான் மச்சான். கடைசிவரைக்கும் நம்மளை விடாம இருக்கற மனுஷன் ஒனோரே ஒருத்தர்தான். இல்ல லெயோனி?"

லெயோனியின் கரண்டி பாதியில் நின்றது.

"ஆமா" என்றாள். "வாயைத் திற."