நடுங்கும் கைக்கு ஏற்ற புழு

என் கணவருக்கு நாற்பத்தாறு வயதில் வலது கை நடுங்க ஆரம்பித்தது. மைசூரில் ஒரு தொழிற்சாலையில் கிரைண்டிங் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு மயிரிழை பிசகினாலும் முழு இரும்பையும் தூக்கி எறிய வேண்டிய வேலை. முதலில் சாப்பிடும்போது தம்ளர் தட்டில் பட்டுக் கிணுகிணுத்தது. களைப்பு என்றார். ஆறு மாதத்தில் அவரை மெஷினிலிருந்து எடுத்து ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். அடுத்த வருஷம் விருப்ப ஓய்வு என்று ஒரு தாளை நீட்டினார்கள். அதில் கையெழுத்துப் போட அவருக்கு வெகு நேரம் ஆனதாம். எழுத்து கோணிக்கொண்டு போனதை யாரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள் என்று வீட்டுக்கு வந்து சொன்னார்.

பெரிய ஆஸ்பத்திரியின் டாக்டர் கன்னடத்தில் நிதானமாக விளக்கினார். இது குணமாகிற நோய் இல்லை. மாத்திரை நடுக்கத்தைச் சில மணி நேரம் அடக்கும். பிறகு மாத்திரைக்கும் அடங்காத காலம் வரும். நான் கர்நாடக எல்லையோர ராமாபுரத்தில் பிறந்தவள், எனக்குக் கன்னடம் தமிழ் மாதிரிதான். அன்று மட்டும் அந்த பாஷை தெரியாமல் இருந்திருக்கலாமே என்று தோன்றியது.

வேலை போவதற்கு இரண்டு வருஷம் முன்னால், புது மெஷின் பொருத்த ஜப்பானிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்து எட்டு மாதம் தங்கியிருந்தார். மீன் பிடிக்கிற பைத்தியம் அவருக்கு. ஞாயிறு தோறும் இவரையும் கூட்டிக்கொண்டு டி.நரசீபுரம் சாலையில் உள்ள ஏரிக்குப் போவார். ஊர் திரும்பும்போது மெல்லிய தூண்டில் கம்பு ஒன்றும், ரீலும், ஒரு பை நிறைய ரப்பர் மாதிரி மெத்தென்ற புழுக்களும் கொடுத்துவிட்டுப் போனார். அவர் ஊரில் பாஸ் என்று ஒரு மீனாம், அதற்காகச் செய்தவை. நம் ஏரியில் இருப்பது விரால். இங்கே கொரவ என்பார்கள். அதுவும் அந்தப் புழுவை எடுக்கும் என்று இருவரும் கண்டுபிடித்திருந்தார்கள்.

பையைப் பிரித்தபோது, மீனை இழுக்கப் புழுக்களில் ஏற்றியிருந்த சோம்பு வாசனை வீடெல்லாம். நான் எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு அலமாரி மேல் வைத்தேன். ஒரு கோடை கழித்துத் திறந்தால், டப்பாவின் அடிப்பக்கம் இளகிப் பாகாகி, பாதிப் புழுக்கள் அதோடு ஒட்டிக்கொண்டிருந்தன. கறுப்புப் புழுக்களின் சாயம் வெள்ளைப் புழுக்களில் ஏறியிருந்தது. தேறியவை நாற்பது இருக்கும்.

ஓய்வு வந்த பிறகு ஒரு வருஷம் அவர் வீட்டிலேயே இருந்தார். காலையில் பேப்பரை விரிப்பார். கை நடுங்குவதில் எழுத்து ஓடும். மடித்து வைத்துவிடுவார். நான் அக்ரஹாரத்தில் ஒரு தையல் கடையில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை எனக்கு விடுமுறை. அப்படி ஒரு செவ்வாயன்று, தூண்டிலைத் தூக்கிக்கொண்டு என் முன் வந்து நின்றார். தூண்டில் நரம்பில் முள்ளைக் கட்ட முடியவில்லை, நீயும் வருகிறாயா என்று கேட்டார். அவர் என்னிடம் எதையும் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. போனேன்.

ஏரிக்கரையில் அவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன். தண்ணீர் கலங்கியிருந்தால் கறுப்போ ஊதாவோ எடுக்க வேண்டும், மீனுக்கு உருவமாவது தெரியும். தெளிந்திருந்தால் தர்பூசணி விதை போலப் புள்ளி வைத்த பச்சை. தடித்த புழு வேண்டாம், சுண்டுவிரல் நீளத்தில் மெல்லியதாக. கொடியும் பாசியும் இருக்கும் இடத்தில் முள்ளின் நுனியைப் புழுவின் உடம்புக்குள்ளேயே மறைத்துவிட வேண்டும். நரம்பின் கடைசியில் ஒரு சின்ன ஈயக்குண்டு, அதற்கு ஒரு சாண் மேலே முள். ஈயம் சேற்றில் உட்காரும், புழு தரைக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கும். இழுக்கக் கூடாது. கம்பின் நுனி மட்டும் லேசாக அதிர வேண்டும். அப்போதுதான் அந்த ரப்பருக்கு உயிர் வருமாம். ஊசியில் நூல் கோத்துப் பழகிய கைக்கு அந்த முடிச்சு கஷ்டமாக இல்லை. வீசவும் கற்றுக்கொண்டேன். வீசிவிட்டுக் கம்பை அவர் மடியில் வைத்தேன்.

அவர் கை சும்மா இருக்கும்போதுதான் அதிகம் நடுங்கும். முழங்காலில் சாய்ந்திருந்த கம்பின் நுனி, காற்றில் புல் ஆடுவது போல விடாமல் அதிர்ந்தது.

"அந்த ஜப்பான்காரன் மணிக்கட்ட ஆட்டி ஆட்டி அரை மணியில களைச்சுப் போவான். எனக்கு அந்த வேலையே இல்ல" என்றார்.

முக்கால் மணி நேரத்தில் நரம்பு பக்கவாட்டில் நகர்ந்தது. அவரால் வெடுக்கென்று தூக்க முடியாது. நான் பின்னால் நின்று அவர் கைகளின் மேல் என் கைகளை வைத்துத் தூக்கினேன். முழங்கை நீள விரால். அதற்கடுத்த இரண்டு செவ்வாய்களிலும் கிடைத்தது. கரையில் மாடு மேய்ப்பவர்கள் வந்து அவர் கையையும் கம்பையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவர் கையை மறைக்கவில்லை. கல்யாண வீட்டில்கூட அந்தக் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டிருந்தவர்.

நாலைந்து வாரம் அப்படி ஓடியது. நல்ல நாட்கள் என்று சொன்னால் அது இந்த நாலைந்து வாரம்தான்.

பிறகு நடையில் ஒரு மாற்றம் தெரிந்தது. வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடுவார். தள்ளினால்தான் நகர்வார். செவ்வாய்க்கிழமைகளில் அது அதிகம். நோய் முற்றுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு செவ்வாயன்று, நான் நிழலில் உட்கார்ந்து புழுவில் முள்ளைக் கோத்துக்கொண்டிருந்தேன். அவர் தண்ணீர் ஓரத்துக்குப் போக எழுந்தார். இரண்டடி வைத்தவர் அப்படியே விறைத்து, மரம் சாய்கிற மாதிரி முகம் குப்புற விழுந்தார். தண்ணீர் முழங்கால் அளவுகூட இல்லை. ஆனால் அவரால் முகத்தைத் திருப்ப முடியவில்லை. நான் ஓடிப்போய்த் தோளைப் பிடித்துப் புரட்டினேன். மூக்கிலும் வாயிலும் சேறு. கரைக்கு இழுத்து வந்து முந்தானையால் துடைத்தேன். சட்டையைக் கழற்றிப் பிழிந்தபோது பாக்கெட்டிலிருந்து அன்றைய மாத்திரைகள் கரைந்து வெள்ளையாக வழிந்தன.

"ஏனுங்க, மாத்திரை போடலீங்களா?"

வாயிலிருந்த சேற்றைத் துப்பினார். மறுபடியும் கேட்டேன்.

"போட்டா கை நிக்குது. கை நின்னா மீன் வரல" என்றார்.

"எத்தனை நாளா?"

"எல்லா செவ்வாயும். இப்ப மத்த நாளும் கொறைச்சுக்கறேன். அப்பத்தான் நல்லா ஆடுது."

திட்டியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்தபோது திட்ட வாய் வரவில்லை. ஒரு மீனுக்காக உயிரை விடுவீங்களா என்று மட்டும் கேட்டேன்.

"இந்தக் கைக்குத் தெரிஞ்ச வேலை இப்ப இது ஒண்ணுதான். அதையும் மாத்திரை எடுத்துக்குது" என்றார். பிறகு, "ஆய்து பிடு, சரி விடு. போட்டுக்கறேன்" என்றார்.

போட்டுக்கொண்டார். டாக்டர் அளவைக் கூட்டினார். நானே கையில் வைத்துக் கொடுத்து, விழுங்குகிறாரா என்று பார்த்தேன். கை அடங்கியது. ஏரிக்குப் போனோம். கம்பு அவர் மடியில் அசையாமல் கிடந்தது. நான் கறுப்பைப் போட்டேன், ஊதாவைப் போட்டேன், புள்ளிப் பச்சையைப் போட்டேன். ஈயத்தைக் குறைத்தேன். முள்ளைப் புழுவின் நடுவில் குத்தி இரண்டு பக்கமும் தொங்கவிட்டேன், அதுவும் அந்த ஜப்பான்காரர் காட்டிய வழிதான். ஒன்றும் தொடவில்லை. கடைசியில் நானே கம்பை வாங்கி ஆட்டிப் பார்த்தேன்.

"நீ மெஷின் மிதிக்கிற மாதிரி ஆட்டுற" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

மாத்திரையைக் கொடுக்காமல் விட்டுவிடலாமா என்று ஒருநாள் பஸ்ஸில் திரும்பும்போது எனக்கே தோன்றியது. அவர் இரண்டு மாதமாவது அவராக இருப்பார். இதை யாரிடமும் சொன்னதில்லை. மறுநாள் காலை எப்போதும் போல மாத்திரையைக் கொடுத்தேன்.

அடுத்த மழைக்காலத்துக்குள் நடுக்கம் தானாகவே குறைந்தது. அது நல்லதற்கு இல்லை. கை மரக்கட்டை போல இறுகிக்கொண்டு வந்தது. விரல்களை நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டும். பஸ் படி ஏற முடியவில்லை. கண்டக்டர் சீக்கிரம் ஏறச் சொல்லிச் சத்தம் போட்ட அன்று, பாதிப் படியில் நின்றவர் என்னைப் பார்த்து இறக்கிவிடச் சொன்னார். அன்றோடு ஏரி முடிந்தது.

கடை வேலையை விட்டுவிட்டுத் தையல் மெஷின் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து தைத்தேன். இரண்டு ரவிக்கைக்கு ஒரு தடவை எழுந்து அவரைப் புரட்டிப் படுக்க வைப்பேன். குரல் மெலிந்து, காதை வாயருகே வைத்தால்தான் கேட்கும். தண்ணீர் என்பார், இல்லாவிட்டால் திருப்பு என்பார். இப்படி எட்டு வருஷம். மழை பெய்யும் நாட்களில், தண்ணீரைக் கண்டால் ஏரி ஞாபகம் வரட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைத்துப் பார்த்தேன். அவர் கண் அந்தப் பக்கம் போகவில்லை. பிறகு திறப்பதையும் விட்டுவிட்டேன்.