எதிராளிக்கு அனுப்பாத பிரதி

கல்முனையில் மனு எழுதிப் பிழைத்த காலம் அது. மருதமுனை நெசவாளி காசிம் காக்கா தன் தறிக்குப் புதுவிதமாக ஒரு மிதிபலகை செய்திருந்தார். கொழும்புக்காரர் ஒருவர் அதைத் தன் கண்டுபிடிப்பென்று காட்டிக் காப்புரிமை வாங்கிவிட்டார். அதை மறுபரிசீலனை செய்யக் கேட்டு நான் எழுதிய விண்ணப்பம், குறைகள் இருப்பதாகக் காப்புரிமை அலுவலகத்திலிருந்து இரண்டு முறை திரும்பி வந்தது.

"கந்தோர்க்காரன் வேணுமெண்டே இழுக்கிறான் காக்கா" என்றேன்.

அது பொய். உரிமை வாங்கியவருக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். மனு எழுதுகிற நாங்கள் எதிராளிக்கு எதையும் முன்கூட்டிக் காட்டுவதில்லை. அந்தப் பழக்கத்தில் நான் அனுப்பவேயில்லை.

இந்த மாதத்துக்குள் சரிசெய்யாவிட்டால் தள்ளுபடி என்று மூன்றாவது கடிதம் வந்தது. வெயிலில் சைக்கிள் மிதித்துக் களைத்து வந்தவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் ஏசவில்லை.

"அனுப்புங்க தம்பி. அவருக்கிட்ட மறைக்க என்ன கிடக்கு? எல்லாத்தையும் பாத்துட்டுத்தானே போனவர்."

விலாசம் கேட்டேன். சட்டைப் பையிலிருந்து மடித்த தாளொன்றை எடுத்தார்.

"நம்மட ஊட்ட சோறு திண்டுட்டு, கொழும்புக்கு வந்தா கட்டாயம் வரணும் எண்டு அவர்தான் எழுதித் தந்தவர்."

அழகான கையெழுத்து. அதைப் பார்த்து உறையில் எழுதி முடிக்கும்வரை நான் நிமிரவில்லை. காக்கா நம்பி ஏமாந்த ஆட்களில் நான் இரண்டாவது.