நான்கு விரல் பாதம்

அக்டோபர் இருபத்தெட்டு, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது பத்து. தூறல். குடை பிடிக்கிற அளவுக்கு மழை இல்லை, பிடிக்காவிட்டால் சட்டை நனைகிறது. திருவரங்குளத்துக்கு முந்தைய நிறுத்தத்தில் இறங்கி, நேர்த்திக்கடனுக்கு மண் உருவம் செய்து தரும் ஓர் அம்மாவின் வீட்டுக்கு நடந்தேன். நானூற்றுப் பன்னிரண்டு அடி. நடக்கும்போது எண்ணாதீர்கள் என்பாள் என் மனைவி. எண்ணாமல் நடந்தால் அவளுடைய இடது கால் நினைவுக்கு வந்துவிடுகிறது.

சர்க்கரை. ஆடி மாதம் சுண்டுவிரலை எடுத்தார்கள். அந்தப் புண் ஆறாமல் பக்கத்து விரலும் கறுக்கத் தொடங்க, புதுக்கோட்டையில் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தேன். மருந்து கொடுத்துப் பதினைந்து நாள் பார்க்கலாம், கறுப்பு நிற்காவிட்டால் அதையும் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். அன்றுதான் அவள் தன் பிறந்த ஊர் ஐயனாருக்கு மண் பாதம் வைப்பதாக வேண்டிக்கொண்டாள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் டாக்டர் சொன்ன பதினைந்து நாளில் நான் செய்யக்கூடியது என்று வேறு எதுவும் இல்லை.

கணுக்கால் வரைக்கும் பாதம் தயாராக இருந்தது. ஈரச் சாக்கு போர்த்தியிருந்தார்கள். முன்பக்கம் மொட்டையாக இருந்தது. பக்கத்துப் பலகையில் ஐந்து மண் உருண்டைகள், பெரிதிலிருந்து சிறிது வரை.

"போன்ல எடது பாதம்னு மட்டும் சொன்னீங்க சார். வெரலு அஞ்சு வைக்கவா, நாலு வைக்கவா?"

முப்பத்து நான்கு வருடம் கருவூலத்தில் கணக்குப் பார்த்தவன் நான். இந்தக் கணக்கை மட்டும் மனைவியிடம் கேட்டு வைக்கவில்லை. மனைவிக்கு மூன்று முறை போன் செய்தேன், எடுக்கவில்லை; கட்டு மாற்றுகிற நேரம். பாதம் இறுகிக்கொண்டு வருகிறது, இன்னும் காய்ந்தால் விரல் பிடிக்காது என்று அந்த அம்மா அவசரப்படுத்தினார். ஐந்து என்றேன். பாதம் என்றால் ஐந்துதானே.

ஈர்க்குச்சியால் பாதத்தின் ஓரத்திலும் விரலின் அடியிலும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறினார். மண்ணைக் கூழாகக் கரைத்துத் தடவி, விரலை லேசாகத் திருகி அழுத்தினார். ஈரக் கட்டைவிரலால் ஒரு தடவை இழுத்ததும் ஒட்டிய இடம் மறைந்தது. ஐந்தும் நின்றபோது, பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

பேருந்து நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தபோது மனைவி கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அஞ்சா? போன வெரலு மொளைக்கவாங்க போகுது? இருக்குற நாலையும் விட்டு வையின்னுதானே வேண்டிக்கிட்டேன். இல்லாததையும் சேத்துக் காட்டுனா சாமி எந்தக் கணக்குல எடுத்துக்கும்?" சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

திரும்பவும் நானூற்றுப் பன்னிரண்டு அடி.

"அங்கிட்டுப் போயித்தான் கணக்கு ஞாபகம் வந்துச்சாக்கும்" என்றார் அந்த அம்மா. மூங்கில் சிம்பால் சுண்டுவிரலின் அடியை அறுத்து இழுத்தார். இரண்டு விரலுக்கும் நடுவே கூழ் இறங்கிப் பிடித்திருந்தது போல. பக்கத்து விரலும் சேர்ந்து வந்துவிட்டது. அவர் உள்ளங்கையில் இரண்டு விரல்கள் கிடந்தன. நாலாவது வேண்டுமே என்றேன்.

"ஈரம் இருக்குல்ல சார். ஒட்டிரும்."

மறுபடி கீறல், கூழ், அழுத்தம். ஒரு நிமிடத்துக்குள் நான்காவது விரல் பழைய இடத்தில் இருந்தது. குனிந்து கண்ணாடியைக் கழற்றியும் பார்த்தேன், போட்டும் பார்த்தேன். ஒட்டிய அடையாளம் தெரியவில்லை.

டாக்டர் சொன்ன பதினைந்தில் பன்னிரண்டாம் நாள், சுட்ட பாதத்தை வாங்கும்போதும் அந்த இடத்தைத்தான் தடவினேன். விரிசல் இல்லை. அங்கிருந்தே நடந்துபோய், ஐயனார் முன்னால் கிடந்த மண் கைகளுக்கும் கண்களுக்கும் பக்கத்தில் வைத்தேன்.

பதினைந்தாம் நாள் அவளுடைய நான்காவது விரலை எடுத்துவிட்டார்கள்.

மயக்கம் தெளிந்ததும், நாலு விரலோடுதானே வைத்தீர்கள் என்று கேட்டாள். நாலுதான் என்றேன். கட்டுப் போட்ட காலைப் பார்த்தாள்.

"சரி, மூணு இருக்கு" என்றாள்.

அறுவைக்குப் பதினெட்டாயிரத்து ஐந்நூறு, அறைக்கு மூவாயிரத்து அறுநூறு, மருந்துக்கு நாலாயிரத்து இருநூற்று அறுபத்தைந்து, பேருந்துக்கு நாற்பத்தெட்டு, பாதத்துக்கு இருநூறு. அறுத்து ஒட்டியதற்கு அந்த அம்மா தனியாக வாங்கிக்கொள்ளவில்லை. ஆக மொத்தம் இருபத்தாறாயிரத்து அறுநூற்றுப் பதின்மூன்று ரூபாய்.