வெள்ளிக்கிழமை கழுவாத தொட்டி

இனி வெள்ளிக்கிழமைகளில் மீன்தொட்டியைக் கழுவ மாட்டேன் என்று நான் சொன்னபோது, என் மாமியார் கொல்லையில் உட்கார்ந்து குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். தொட்டியின் கூழாங்கற்களுக்காகப் பக்கத்தில் ஒரு வாளி காத்திருந்தது. தேய்த்த கை நின்றது.

"என்னாத்தா சொன்ன?"

அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். நான் திருப்பிச் சொன்னேன். முழுவதையும் சொன்னேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஒத்தக்கடையில் வயல்களை மனையாக்கி விற்ற இடத்தில் நாங்கள் புதிதாக வீடு கட்டிக் குடிவந்திருந்தோம். மகளுக்கு அப்போதுதான் நடை பழகியிருந்தது. பிறக்கும்போதே எடை குறைந்த குழந்தை. சளி பிடித்தால் லேசில் விடாது. அவள் தும்மினால் நான் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். அந்த மீன்தொட்டியை வாங்கச் சொன்னதே மாமியார்தான். வருகிறவர்களின் கண் முதலில் மீன் மேல் விழட்டும், பிள்ளை மேல் விழ வேண்டாம் என்றார். கோரிப்பாளையத்துக் கடையிலிருந்து கண்ணாடித் தொட்டியும், குமிழி விடும் சின்ன மோட்டாரும், சில தங்கமீன்களும் வந்தன. வாசலுக்கு நேராக வைத்தோம்.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் கழுவாமல் எதுவும் தப்பாது. தரை, நிலைப்படி, விளக்கு, அந்த வரிசையில் தொட்டியும் சேர்ந்தது. மீன்களை ஒரு குண்டானுக்கு மாற்றிவிட்டு, தண்ணீர் முழுவதையும் வாழைக்கு ஊற்றுவேன். கண்ணாடியைத் தேங்காய் நார் வைத்துத் தேய்ப்பேன். கற்களைப் புளி போட்டு அலசி, வெள்ளையாகும்வரை விடாமல் கழுவி, வெயிலில் காய வைப்பேன். பிறகு கிணற்றுத் தண்ணீர் புதிதாக நிரப்புவேன். தொட்டி கோயில் மணி போலப் பளபளக்கும். மாமியார் எட்ட நின்று பார்த்து, "இப்பத்தான் வீடு மாதிரி இருக்கு" என்பார். அந்தச் சொல்லுக்காகவே இன்னொரு முறை துடைப்பேன்.

அடுத்த வாரம் பாதி போவதற்குள் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். பிறகு ஒன்று செத்து மிதக்கும்.

வண்டியூர் தெப்பக்குளத்தில் மீனுக்குப் பொரி போட்டுப் பழகிய ஜனங்கள் நாங்கள். வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் தொட்டியிலும் ஒரு கை போட்டார்கள். மீன் தின்றது போக மீதி ஊறி, கல்லுக்கடியில் இறங்கி அழுகியது. அதைப் பார்த்து மாமியார் இன்னும் அழுத்தித் தேய்க்கச் சொன்னார். தேய்க்கத் தேய்க்கச் செத்தன.

கடைக்கார பாய்க்கு என் முகம் பழகிவிட்டது. "என்னம்மா, வாராவாரம் மீன் வாங்க வாரீக? வறுத்துத் திங்கிறீகளா?" என்றார். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். பஸ்ஸில் வரும்போது, பிளாஸ்டிக் பைக்குள் சுற்றிக்கொண்டிருந்த மீனைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

முதலில் செத்த மீன்களைப் பற்றி மாமியாருக்குத் திருப்திதான். பிள்ளைக்கு வந்ததை மீன் வாங்கிக்கொண்டது என்றார். ஆனால் சாவு நிற்காமல் போனபோது அவர் கணக்கு மாறியது.

"மீனே தாங்கலைன்னா பச்சப்பிள்ள எப்படித்தா தாங்கும்? இந்த வீடு ஆகல. இன்னொரு மீனு செத்துச்சுனா பிள்ளைய நான் ஊருக்குத் தூக்கிட்டுப் போயிருவேன். காலம் சரியாகுற மட்டும் அங்கன இருக்கட்டும்."

ஊர் உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கம். காலம் எப்போது சரியாகும் என்று யாரும் சொல்லவில்லை. என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மறுநாள், தொட்டித் தண்ணீரை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் பிடித்துக்கொண்டு, கல்லூரி ஆய்வுக்கூடத்தில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்த என் வகுப்புத் தோழியைப் பார்க்கப் போனேன். நாங்கள் இருவரும் சேர்ந்து பி.எஸ்சி. வேதியியல் படித்தவர்கள்.

"என்னடி இது, கஷாயமா?" என்றாள்.

"மீன்தொட்டித் தண்ணி. அமோனியா பாரு."

ஒரு சோதனைக்குழாயில் ஊற்றி மருந்தை விட்டதும் தண்ணீர் பழுப்பேறிய மஞ்சளானது. நைட்ரைட்டுக்கு வேறொரு குழாயில் பார்த்தோம். ரோஜா நிறம் லேசாகத்தான் வந்தது. அவள் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இந்த அமோனியாவுல எந்த மீன்டி மூச்சு விடும்?" என்றாள்.

நைட்ரஜன் சுழற்சியை அம்புக்குறி போட்டு வரைந்து மார்க் வாங்கியவள்தான் நான். மண்ணில் நடப்பதாக எழுதிய அந்தச் சுழற்சி என் வீட்டு முன்னறையிலும் நடக்க வேண்டியது என்று தோன்றவே இல்லை. மீனின் கழிவும் அழுகிய பொரியும் அமோனியாவாகின்றன. கற்களின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் வளரும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்குகிறது. அதுவும் மீனுக்கு விஷம். ரத்தத்தில் கலந்தால், தண்ணீரில் எவ்வளவு காற்று இருந்தாலும் மீனால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. இன்னொரு வகை பாக்டீரியா வளர்ந்து அந்த நைட்ரைட்டை அவ்வளவாகக் கெடுதி செய்யாத நைட்ரேட்டாக்கினால்தான் மீன் பிழைக்கும். இரண்டும் குடியேறப் பல வாரங்கள் ஆகும். நானோ வெள்ளிக்கிழமைதோறும் அவற்றைப் புளி போட்டுத் தேய்த்து வெயிலில் காய வைத்திருக்கிறேன்.

"கழுவுறத நிறுத்து. பொரியையும் நிறுத்து. தண்ணிய அடிக்கடி கொஞ்சம் மட்டும் மாத்து" என்றாள் தோழி. பிறகு கொஞ்சம் தயங்கினாள். "ஆனா ஒடனே சரியாகாதுடி. அமோனியா எறங்குறப்ப நைட்ரைட் ஏறும். அதுல இன்னும் ஒண்ணு ரெண்டு சாகலாம்."

நான் அவளிடம் பிள்ளையைப் பற்றிச் சொல்லவில்லை. கழுவினால் மீன் நிச்சயம் சாகும், கழுவாவிட்டாலும் சாகலாம். எப்படியானாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். பஸ்ஸில் உட்கார்ந்து இதையே யோசித்தேன். ஒத்தக்கடையை நெருங்கி ஆனைமலை கண்ணில் பட்டபோது ஒன்று புரிந்தது. மீனைப் பிழைக்க வைத்துப் பிள்ளையைக் காப்பாற்றிக்கொள்வது என்றால், மீனையும் பிள்ளையையும் முடிச்சுப் போடும் மாமியாரின் கணக்கை நானும் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

அந்த வெள்ளிக்கிழமைதான் கழுவ மாட்டேன் என்று சொன்னது.

தண்ணீர் கலங்கியது. கண்ணாடியில் வழவழப்புப் படிந்தது. "பி.எஸ்சி. படிச்சா அழுக்குத் தண்ணிக்குப் பூச போடத்தான் சொல்லிக் குடுப்பாகளா?" என்று மாமியார் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி கேட்டார். பொரியோடு நீண்ட ஒரு கையை நான் தடுக்க, கைக்குரிய, கணவரின் பெரியம்மா காப்பி குடிக்காமலே எழுந்து போனார். நான் ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு வாளி எடுத்து, ஒரு வாளி ஊற்றினேன். குனிந்து தொட்டியை மோந்து பார்த்தேன். மகள் இருமினால் ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். தோழி தவறாகச் சொல்லியிருந்தால்? பாடம் எனக்குச் சரியாக நினைவில் இல்லாவிட்டால்? இவ்வளவு பேர் சொல்வதை நான் ஒருத்தி மறுக்கிறேனே என்று கையில் துணியை எடுத்தும்விட்டேன் ஒருமுறை. மறுபடி கீழே வைத்தேன்.

கடைசியில் ஒரு மீன் செத்தது. செவுளைத் தூக்கிப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டியது காப்பி டிகாஷன் நிறத்தில் இருந்தது. தோழி சொன்ன நைட்ரைட் அது. அதற்குள் மாமியார் பிள்ளையின் சட்டைகளை ஒயர் கூடையில் அடுக்கத் தொடங்கியிருந்தார். மகளுக்கு அன்றைக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"அம்மா சொல்றதையும் கொஞ்சம் கேளேன். ஒரு மாசந்தான?" என்றார் கணவர்.

நான் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

"மீன் செத்தது அந்தத் தண்ணியால, அத்தே. எம்பிள்ளைக்கும் அதுக்கும் ஒண்ணும் இல்ல. இந்தத் தொட்டியில இருக்கிற அம்புட்டு மீனும் செத்தாலும் பிள்ள எங்கயும் வராது."

"நாளைக்குப் பிள்ளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா யாருடி பதில் சொல்றது?"

"நாந்தான் சொல்லுவேன். பெத்தவ நான் இருக்கேன்ல?"

அவர் சட்டைகளைக் கட்டில்மேல் கொட்டிவிட்டு, தன் சேலைகளை அந்தக் கூடையில் வைத்துக்கொண்டார். "நான் போறேன். நீயாச்சு ஒன் நாத்தத் தண்ணியாச்சு" என்றார். போய்ட்டு வாரேன் என்று சொல்லவில்லை. கணவர் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்.

மீதி மீன்களில் இரண்டு பிழைத்தன, வெகுகாலம் இருந்தன. அதை வைத்து நான் அன்று செய்தது சரி என்று யாரும் சொல்ல வேண்டாம். அவை பிழைக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. சொல்லப்போனால் மாமியார் பஸ் ஏறிய மறுநாளே இன்னொன்று செத்தது. மகளுக்குச் சளி நெஞ்சில் இறங்கியிருந்தது. டாக்டரிடம் காட்டி மருந்து வாங்கிவந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். கணவர் தொட்டியருகே நின்று கலங்கிய தண்ணீரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இப்பவாச்சும் கழுவுவியா?"

சங்கில் ஊற்றிய மருந்து சிந்திவிடாமல் பிள்ளையின் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னேன்.

"மாட்டேன்."