மாஸ்க் கோட்டுக்கு ஒரு துண்டு வெல்லம்

சங்கு ஊதியதும் காளிச்சாமி வெல்ல டப்பாவைத் திறந்து மடியில் வைத்துக்கொள்கிறார். கோவை கணபதியில் உள்ள ஒரு வார்ப்பட ஆலையின் வாசலில், பிளாஸ்டிக் நாற்காலியில் அவருடைய ராஜ்ஜியம். வேலை முடிந்து வருகிறவர்கள் அவர் முன்னால் குனிந்து முகத்தைக் காட்ட வேண்டும். மூக்கிலும் கன்னத்திலும் மாஸ்க் அழுத்திய சிவப்புக் கோடு இருந்தால் ஒரு துண்டு வெல்லம். இல்லாவிட்டால், "நாளைக்குப் பாத்துக்கலாமுங்க" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார். மனிதர் கறாராக இருப்பது இந்த ஒரு விஷயத்தில் மட்டும்தான்.

மற்றபடி நன்றி சொல்லியே பொழுதைக் கழிக்கிறவர். டீ கொண்டு வரும் பாத்திமுத்துவுக்கும் டவுன் பஸ் கண்டக்டருக்கும் மட்டுமல்ல, நிழல் தருகிற வேப்ப மரத்துக்கும் "ரொம்ப சந்தோசமுங்க" உண்டு. "ரொம்ப" ஒரு மூச்சு, "சந்தோசமுங்க" இன்னொரு மூச்சு. மாடிப்படியில் பாதி ஏறியதும் நின்று, யாரோ பின்னால் வருவதுபோல் திரும்பிப் பார்த்துச் சமாளிப்பார். மனைவி மயிலாத்தாள் மட்டும் அந்த நடிப்பை நம்புவதில்லை.

இளவட்டமாக வந்த நாளிலிருந்து அவர் பார்த்தது, வார்ப்பில் ஒட்டிய மணலைச் சாணைச் சக்கரத்தில் தேய்த்தெடுக்கும் வேலை. தூசு புகையாகக் கிளம்பும். பக்கத்துச் சக்கரத்தில் செங்கோடன். இருவரும் பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒரே பஸ்ஸில் வந்து சேர்ந்தவர்கள். வேலை விட்டதும் ஒரு துண்டு வெல்லத்தை வாயில் போட்டால் தூசெல்லாம் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும் என்பது அங்கே எல்லோருக்கும் நம்பிக்கை. கம்பெனியே வெல்லம் கொடுத்தது. மாஸ்க் மூச்சை முட்டுகிறது, வெல்லம் இனிக்கிறது. யார்தான் மாஸ்க்கைத் தேடுவார்கள்?

இருமல் நிற்காமல் ஆர்.எஸ்.புரம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் ஹர்ஷிணி எக்ஸ்ரேயைக் காட்டிச் சொன்னதைக் காளிச்சாமி இப்போதும் ஒப்பிப்பார்.

"நம்ம உடம்புக்குள்ளயே கத்தரி இருக்குதாமுங்க. கிருமி வந்தா காவக்காரச் செல்லுங்க அத வெச்சு வெட்டிப்போடுமாம். மண்ணுத் தூசு வெட்டுப்படுமுங்களா? அது வெட்டுப்படாமக் கெடக்க, கத்தரி நம்ம நுரையீரல் நாரையே வெட்டிப்போடுதுங்க."

புரதத்தை வெட்டும் நொதிகளைத்தான் டாக்டர் அப்படிச் சொல்லியிருக்கிறார். கத்தரிக்கு உறை போட்டு அடக்கவும் உடம்பில் ஒரு சத்து உண்டு. தினம் தினம் தூசு போனால் கத்தரிகள் பெருகும், உறை பற்றாது. நுரையீரலை ரப்பர்போல் விரிந்து சுருங்க வைக்கும் நார்கள் அறுந்துபோகும். "அப்ப வெல்லமுங்க?" என்று இவர் கேட்டாராம். "அது வயித்துக்குப் போகுதுங்க" என்றாராம் டாக்டர். அன்று காளிச்சாமி சிரித்த சிரிப்பு இருமலில்தான் முடிந்தது.

கத்தரி மேல் அவருக்குக் கோபமே இல்லை. "பாவமுங்க. நம்மளக் காப்பாத்தத்தான வந்துச்சு."

அறுந்தது அறுந்ததுதான், இனித் தூசு படாமல் இருந்தால் கேடு மெதுவாகலாம் என்று டாக்டர் சொன்னதையே பெரிய வரமாக எடுத்துக்கொண்டார். முதலாளி திருமலைசாமி அவரை வாசலுக்கு மாற்றினார். வெல்லத்தை நிறுத்திவிடலாமா என்று முதலாளி கேட்டதற்கு, "வேண்டாமுங்க, அத ஏங்கிட்டக் குடுங்க" என்றார். இந்தச் சட்டம் அப்படித்தான் வந்தது.

முதல் நாளே மாட்டிக்கொண்டவர் செங்கோடன். மாஸ்க் கழுத்தில் மாலையாகத் தொங்கியது.

"ஏப்பா காளி, எனக்குமா?"

"உனக்குத்தானப்பா மொதல்ல."

அதிலிருந்து செங்கோடன் பேச்சை நிறுத்திவிட்டார். கடையில் வெல்லம் வாங்கி, இவர் பார்க்கும்படியே கடித்துக்கொண்டு போவார். அதைக்கூடக் காளிச்சாமி தாங்கிக்கொண்டார். ஆனால் ஒரு சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டில் செங்கோடன் சீட்டைப் பிடித்து நின்று, யாரோ பின்னால் வருவதுபோல் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. அந்த நடிப்பு இவருக்குத் தெரியாததா? அன்று ராத்திரி மயிலாத்தாள் போட்ட சோறு அப்படியே இருந்தது. மறுநாள் விடிந்ததும் செங்கோடன் வீட்டுக்கு நடந்தார். அந்த எக்ஸ்ரேயை அவர் கையில் கொடுத்துவிட்டு, பேச மூச்சில்லாமல் திரும்பி வந்தார்.

போன வாரம் சங்கு ஊதியபின் வரிசையின் கடைசியில் செங்கோடன் வந்து நின்றார். குனிந்து முகத்தைக் காட்டினார். மூக்கின்மேல் கோடு செக்கச்செவேல் என்று பதிந்திருந்தது.

காளிச்சாமி ஒரு துண்டு எடுத்தார். கட்டைவிரலால் அந்தக் கோட்டை ஒருமுறை தடவிப் பார்த்தார். "ரொம்ப" என்றார். அடுத்த மூச்சு வரவில்லை. வெல்லத்தை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்தபடியே கை கூப்பினார்.